இனிப்பு கூடினால் ஒயின் திராட்சைக்கு விலை குறையுமா?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் 2 ஏக்கரில் ஷிராஸ் ஒயின் திராட்சை வைத்திருக்கிறேன். இந்த முறை மார்ச் கடைசியில் அறுத்தேன், 27 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) இருந்தது. வாங்குபவரோ ஆல்கஹால் ஏறிவிடும் என்று விலையைக் குறைத்துவிட்டார். இனிப்பு கூடினால் குற்றமா?

பதில்: சாப்பிடும் திராட்சைக்குத்தான் இனிப்பு காசு. ஒயினில் அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரைக்கு 1 சதவீதம் ஆல்கஹால். உங்கள் 27 பிரிக்ஸ் பழம் 15, 16 சதவீதத்தில் போய் நிற்கும். 23, 24-ல் அறுத்திருந்தால் 13, 14 சதவீதத்தில் நின்றிருக்கும்.

இது உங்கள் தோட்டத்துப் பிரச்சினை மட்டுமல்ல. பிரான்சின் போர்தோ ஒயின்கள் 1980-களில் 12, 12.5 சதவீதம்தான், இப்போது 14 சர்வசாதாரணம். வெயில் கூடியது ஒரு காரணம். நோயில்லாத நாற்று, இலைக்கு நன்றாக வெளிச்சம் கிடைக்கும் கம்பி அமைப்பு, காய்ப்பைக் குறைப்பது என்று நல்ல சாகுபடியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்கிறது. போதாததற்கு, பழம் கொடியிலேயே நன்றாகக் கனியட்டும் என்று அறுவடையைத் தள்ளிப்போடச் சொன்னவர்களும் ஒயின் ஆலைக்காரர்கள்தான்!

கடும் வெயிலில் சர்க்கரை முன்னால் ஓடும், புளிப்பு மளமளவென்று இறங்கும். தோலின் நிறமும் விதையின் முதிர்ச்சியும் பின்தங்கும். ஷிராஸுக்கு இன்னொரு குணமும் உண்டு: கடைசிக் கட்டத்தில் பழம் சுருங்கும். அப்போது பிரிக்ஸ் ஏறுவது புதுச் சர்க்கரையால் அல்ல, தண்ணீர் வற்றுவதால். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பல கொடிகளிலிருந்து 100 பழம் உதிர்த்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடை போடுங்கள். பிரிக்ஸ் ஏறி எடை இறங்கினால் உடனே அறுத்துவிடுங்கள். காத்திருந்தால் கிலோ கணக்கிலும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

அடுத்த பருவத்துக்கு முதல் வேலை கவாத்துத் தேதி, அதாவது கொடியை வெட்டிவிடும் நாள். மார்ச் கடைசியில் அறுத்தீர்கள் என்றால் அக்டோபர் பிற்பகுதியில் வெட்டியிருப்பீர்கள். செப்டம்பர் பிற்பகுதிக்குக் கொண்டுவந்தால் பிப்ரவரியிலேயே, இரவுக் குளிர் இருக்கும்போதே பழம் பழுக்கும். ஆனால் இளந்தளிரும் பூவும் மழையில் மாட்டும். ஈரத்தில் வரும் பூஞ்சை நோயான அடிச்சாம்பலுக்கு மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டே இறங்குங்கள். அதனால் முதல் வருடம் பாதித் தோட்டத்தில் மட்டும் செய்து பார்ப்பது என் யோசனை.

பழம் நிறம் மாறி 15 பிரிக்ஸ் தாண்டியதும் குலைக்கு மேலே உள்ள இலைகளில் ஒரு பகுதியைக் கிள்ளிவிட்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். குலையை ஒட்டிய மேற்குப் பக்கத்து இலைகளைத் தொடாதீர்கள், சாயங்கால வெயிலுக்கு அதுதான் நிழல். பழுக்கும் சமயம் சொட்டுநீரை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். சாப்பிடும் திராட்சைக்கு அடிக்கிற மாதிரி இனிப்புக்கென்று பொட்டாஷ் அடிக்கிறீர்களா? விட்டுவிடுங்கள். பொட்டாஷ் மிஞ்சினால் சாற்றின் புளிப்பு இன்னும் மழுங்கும்.

அப்புறம், ஒப்பந்தம். குறைந்தபட்ச பிரிக்ஸ் மட்டும் எழுதியிருந்தால் அடுத்த முறை மேல் வரம்பையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அறுவடை நாளைச் சொல்வது அவர்கள் என்றால், அந்த நாள் வரை ஏறும் சர்க்கரைக்கு உங்கள் விலையில் பிடிக்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.