கேளுங்க சொல்றோம்: எல்லாருக்கும் ஏன் நம்ம மண்ணு மேல கண்ணு?

கே: ஐயா, சீனா, இந்தியா, அமெரிக்கான்னு எல்லா பெரிய நாடும் பர்மாவையே ஏன் சுத்திச் சுத்தி வருது? நம்மகிட்ட அப்படி என்னதான் இருக்கு? – வாசகர், தட்டோன்

ப: தம்பி, மொதல்ல மேப்ப எடுத்துப் பாருங்க. சீனாவுக்கு வளைகுடாவுல இருந்து வர்ற எண்ணெய்க் கப்பல் பெரும்பாலும் மலாக்கா ஜலசந்தி வழியாத்தான் போகணும், சண்டைன்னு வந்து அந்த இடுக்க எவனாவது அடைச்சுட்டா என்ன பண்றதுன்னு அவங்களுக்கு ரொம்ப நாளா பயம், அதனால ரக்கைன் கரையில சௌக்ப்யூவுல இருந்து சீனாவோட யுன்னான் மாநிலம் வரைக்கும் ரெண்டு பைப் போட்டாங்க. 2013ல கேஸ், 2017ல எண்ணெய். எண்ணெய் வெளியூர்ல இருந்து வர்றது, ஆனா கேஸ் நம்ம கடல்ல எடுக்குறது தம்பி! அதுல பெரும்பங்கு மலையேறி அந்தப் பக்கம் போயிடுது, இங்க ரங்கூன்ல நடுராத்திரி கரண்ட் வந்தா பொம்பளைங்க தூக்கத்துல எந்திரிச்சு மோட்டார் போட்டு தண்ணி ஏத்தி, அப்பவே சோத்தையும் ஆக்கி வைக்கிறாங்க. இத நெனச்சா வயிறு எரியுது.

இந்தியாவுக்கு வேற கவலை. வடகிழக்கு மாநிலங்களுக்குப் போக சிலிகுரி பக்கம் ஒடுக்கமா ஒரே வழி, அதனால கல்கத்தாவுல இருந்து கப்பல்ல நம்ம ரக்கைன் துறைமுகம் சிட்வே, அங்கிருந்து கலடான் ஆத்துல பலெட்வா, அப்புறம் ரோட்டுல மிசோரம்னு திட்டம் போட்டாங்க. 2023 மே மாசம் சிட்வேக்கு சரக்குக் கப்பல் வந்துச்சு, ஆனா 2024 ஜனவரில அந்த வழியில இருக்குற பலெட்வாவ, ராணுவத்தோட சண்டை போடுற அரக்கான் ஆர்மிங்கற ஆயுதக் குழு பிடிச்சுருச்சு.

கே: வடக்குல கச்சின் மாநிலத்துல ரேர் எர்த் தோண்டுறாங்களாமே, அது எதுக்குங்கய்யா? – வாசகி, மோல்மேன்

ப: எலக்ட்ரிக் கார் மோட்டார், காத்தாலை, ஏவுகணை, இதுல இருக்குற காந்தம் சூட்டுலயும் வலு குறையாம இருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம்னு ரெண்டு ரேர் எர்த் உலோகம் வேணும்மா. சீனா தன்னோட ஊர்ல மலையும் ஆறும் கெட்டுப் போகுதுன்னு நிறைய சுரங்கத்த மூடிட்டு இங்க வந்துருச்சு. மலையில வரிசையா ஓட்டை போட்டு அம்மோனியம் சல்ஃபேட் கரைசல ஊத்துவாங்க, கீழ வடிஞ்சு வர்றத குளத்துல தேக்கி ரேர் எர்த் மண்ண பிரிச்சு மூட்டை கட்டி எல்லை தாண்டி அனுப்புவாங்க, மிச்சத் தண்ணி ஓடையில. அப்புறம் அந்த ஓடையில மீன் எங்க இருக்கும்? 2024 அக்டோபர்ல, இந்தச் சுரங்கங்க இருக்குற எல்லை ஊரான பாங்வாவ, ராணுவத்தோட சண்டை போடுற கச்சின் படை பிடிச்சது, அந்த வியாபாரத்துல இப்ப அவங்க கையும் இருக்கு. 2025 ஏப்ரல்ல அமெரிக்காவோட வரிச் சண்டை வந்தப்ப சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்ட சாமான்கள்ல இந்த ரெண்டும் உண்டு. அவங்க சண்டைக்கு ஆயுதம் நம்ம மலையில இருந்து போகுது, விலை பேசுறப்ப அந்த மலைக்காரங்கள கூப்பிட்டு கேட்டதா மட்டும் தெரியல.

கே: நம்மால தடுக்கவே முடியாதா? – வாசகர், பெகு

ப: ஏன் முடியாது? ஐராவதி பொறக்குற இடத்துல மிட்சோன் அணை, 6,000 மெகாவாட், கரண்ட்ல முக்கால்வாசிக்கு மேல சீனாவுக்குன்னு ஒப்பந்தம். கச்சின்காரங்க, பர்மாக்காரங்க, எழுத்தாளருங்கன்னு எல்லாரும் ஆத்துக்காக வாயத் தொறந்தாங்க, 2011 செப்டம்பர்ல அப்ப ஜனாதிபதியா இருந்த தெய்ன் செய்னோட அரசாங்கமே வேலைய நிறுத்துச்சு. இப்ப மறுபடியும் ஆரம்பிக்கலாம்னு பேச்சு வரும்போது நாம கேக்க வேண்டியது ஒண்ணுதான், எவ்வளவு கரண்ட் நம்ம ஊருக்கு, எழுத்துல குடுங்க.