ஆர்த்தோ முடித்தபின் ட்ராமா ஃபெல்லோஷிப்: எதைப் பார்த்துத் தேர்வது?

கேள்வி: எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவை சிகிச்சை) முடித்துவிட்டு சீனியர் ரெசிடென்டாக இருக்கிறேன். ட்ராமாவில், அதாவது விபத்துக் காய சிகிச்சையில், ஃபெல்லோஷிப் என்னும் மேற்பயிற்சி செய்ய ஆசை. இந்தியாவிலேயே செய்யலாமா, வெளிநாடு போகலாமா? எதை வைத்து முடிவெடுப்பது?

மருத்துவமனையின் பெயரைப் பிறகு பாருங்கள். அங்கே ஃபெல்லோவாக இருப்பவர் கையில் டிரில் இருக்கிறதா, காயத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர் இருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அடுத்துதான்.

தொடை எலும்புக்குள் செலுத்தும் கம்பியான நெய்ல், இடுப்பு முறிவுக்கான டி.ஹெச்.எஸ். ஸ்க்ரூ-பிளேட், கணுக்கால் பிளேட் எல்லாம் பிஜி காலத்திலேயே கைக்கு வந்துவிடும். வராதவை வேறு: இடுப்பெலும்பு, அசிடபுலம் (இடுப்பு மூட்டின் கிண்ணம்), சிதறிய டிபியல் பிளாட்டோ (கீழ்க்கால் எலும்பான டிபியாவின் மேல் முனை), பைலான் (அதன் கீழ் முனை), தோலும் தசையும் போன திறந்த முறிவு, கிருமி தொற்றி ஒட்டாமல் நிற்கும் எலும்பு. இவற்றோடு, பல காயங்களோடு வருபவருக்கு இன்று எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற கணக்கும் உண்டு. ஃபெல்லோஷிப் வருடம் முழுக்க வயதானவர்களின் இடுப்பு முறிவிலேயே கழிந்தால், சீனியர் ரெசிடென்ட் வேலையை இன்னொரு ஊரில் நீட்டித்ததாகத்தான் அர்த்தம்.

"வருடத்துக்கு நூறு அசிடபுலம் செய்கிறோம்" என்று சொன்னால் உடனே வகுத்துப் பாருங்கள். நாலு ஃபெல்லோ இருந்தால் ஆளுக்கு இருபத்தைந்து. அதிலும் முறிந்த துண்டுகளைச் சரியான இடத்தில் சேர்க்கும் ரிடக்‌ஷனை சீஃப் முடித்துக் கொடுத்து, பிளேட்டில் ஸ்க்ரூ மட்டும் போட விட்டால் அது வேறு கணக்கு. அசிடபுலத்தில் கஷ்டமே ரிடக்‌ஷன்தான்.

அசிடபுலத்தின் பின்சுவர் முறிவுக்குப் பின்பக்கமாகத் திறக்கும் கோக்கர்-லாங்கன்பெக் அணுகுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். காலுக்குப் போகும் சியாட்டிக் நரம்பு தளர்ந்திருக்க வேண்டும். அதற்காக இடுப்பு நீட்டியும் முழங்கால் மடங்கியும் கடைசி வரை இருக்க வேண்டும். பிரிஃபார்மிஸ், ஆப்டுரேட்டர் இன்டர்னஸ் தசைநாண்களை, தொடை எலும்பின் மேல் புடைப்பான ட்ரோகாண்டரை ஒட்டி வெட்டக் கூடாது, சுமார் ஒன்றரை செ.மீ. தள்ளி வெட்ட வேண்டும். குவாட்ரேட்டஸ் ஃபெமோரிஸ் தசையைத் தொடவே கூடாது. தொடை எலும்புத் தலைக்கு ரத்தம் தரும் மீடியல் சர்க்கம்ஃப்ளெக்ஸ் கிளை அந்தப் பக்கம்தான் போகிறது. வெட்டிய ஆப்டுரேட்டர் இன்டர்னஸைப் பின்னால் மடித்தால் நரம்புக்கு மெத்தையாக நிற்கும். ரிட்ராக்டர் பிடிப்பவர் களைத்துப்போய் அதன்மேல் சாய்ந்தால், நோயாளி பாதம் தொங்கி எழுந்திருப்பார். இவ்வளவையும் அசிஸ்ட் செய்தே கற்றுவிடலாம்.

அசிஸ்ட் செய்து வராதது இதற்கு அடுத்த கட்டம். உள்ளே அமுங்கிக் கிடக்கும் மூட்டுத் துண்டை எலும்புத் தலையையே அச்சு வார்ப்பாக வைத்து மேலே தூக்கி, அடியில் எலும்புத் துகள் அடைத்து, சுவரை மூட வேண்டும். எந்த கிளாம்ப், எந்த இடம், எந்தக் கோணம் என்பது சி-ஆர்மில் (அறுவை அறை எக்ஸ்ரே கருவி) ஜூடே ஆப்ளிக் என்னும் சாய்வுக் கோணப் படங்களைத் தானே பார்த்து, தானே திருத்தினால்தான் பிடிபடும். இதை மதிப்பிடும் மாட்டா என்ற சர்ஜனின் அளவுகோலில் 1 மி.மீ. வரை விலகல் இருந்தால் நல்ல ரிடக்‌ஷன், 3 மி.மீ. தாண்டினால் மோசம். மூன்று வாரம் கடந்து வரும் கேஸில் கேலஸ் என்னும் புது எலும்பு வளர்ந்து துண்டுகள் அசைய மறுக்கும். புத்தூர் கட்டு போட்டுப் பார்த்துவிட்டுத் தாமதமாக வருபவர்கள் நம் பக்கம் அதிகம். அந்த அனுபவத்துக்கு வெளிநாட்டைவிட இந்திய மையங்களே மேல் என்பது என் கருத்து.

திறந்த முறிவுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: செத்த திசுவையும் அழுக்கையும் அகற்றும் முதல் டெப்ரைட்மென்டிலேயே பிளாஸ்டிக் சர்ஜன் உடன் நிற்கிறாரா, காயம் அழுகிய பிறகு ஓப்பினியனுக்குக் கூப்பிடுகிறார்களா? பிரிட்டிஷ் வழிகாட்டுதல்படி ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். வேகமான மோதலில் உண்டான முறிவு என்றால் 12 மணி நேரத்துக்குள்ளும், மற்றவற்றுக்கு 24 மணி நேரத்துக்குள்ளும் டெப்ரைட்மென்ட் செய்ய வேண்டும். மண்ணும் சாணமும் அப்பிய காயம் என்றால் உடனடியாக. 72 மணி நேரத்துக்குள் தோல் மூடியிருக்க வேண்டும். இரண்டு துறையும் ஒன்றாக நிற்காத இடத்தில் இந்தக் கெடு தாளோடு சரி. இந்த விஷயத்தில் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை உலகம் கவனிக்கும் இடம். அவர்கள் 2006-இல் வெளியிட்ட ஸ்கோர் தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தலா 5 வரையும், உடன் இருக்கும் பாதகமான நிலை ஒவ்வொன்றுக்கும் 2-ம் போடும். 14 வரை என்றால் காலைக் காப்பாற்றலாம், 17-ம் மேலும் என்றால் பெரும்பாலும் எடுக்க வேண்டிவரும். இடையில் உள்ள 15, 16-ஐ எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் அங்கே போவதன் பலன்.

நெய்லிங் தெரியும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பரீட்சை. நெய்ல் போனால் எலும்பு தானே நேராகும் என்பது தண்டின் நடுவில் மட்டும் பலிக்கும். டிபியாவின் மேல் மூன்றில் ஒரு பங்கில் முறிந்திருந்தால் அது வால்கஸாகவும் (கீழ்ப்பகுதி வெளிப்பக்கம் சாய்ந்து) முன்பக்கம் புடைத்தும் போகும். எலும்புக் குழலைக் குடையும் ரீம் செய்வதற்கு முன்பே நேராக்கி, மேல் துண்டில் நெய்லுக்கு வெளிப்பக்கமும் பின்பக்கமும் நெய்ல் விலகாமல் தடுக்கும் பிளாக்கிங் ஸ்க்ரூ போட வேண்டும். இதைத் தனியாகச் செய்ய விடும் இடமா என்று கேளுங்கள்.

நாடுகள் விஷயம் சுருக்கமாக. அமெரிக்காவில் ட்ராமா ஃபெல்லோஷிப் ஒரு வருடம். பெரும்பாலும் அங்கேயே ரெசிடென்சி முடித்தவர்களுக்கானது. அப்சர்வர்ஷிப் கிடைத்தால் பார்க்கலாம், நோயாளியைத் தொட முடியாது. பிரிட்டனில் சம்பளத்தோடு கை வைக்க வாய்ப்புண்டு. ஜி.எம்.சி. என்னும் அங்குள்ள மருத்துவக் கவுன்சிலின் பதிவு வேண்டும், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7.5, எந்தப் பிரிவிலும் 7-க்குக் குறையக் கூடாது. எம்.டி.ஐ. என்னும் வெளிநாட்டு மருத்துவர் பயிற்சித் திட்ட வழியில் போனால் 24 மாதம்தான், பிறகு திரும்ப வேண்டும். அங்கே கடுமையான கேஸ்கள் மேஜர் ட்ராமா சென்டர்களில்தான் குவியும். சுற்றியுள்ள சிறு மருத்துவமனையில் போஸ்ட் வாங்கி ஏமாறாதீர்கள். ஏ.ஓ. ட்ராமா என்ற சர்வதேச அமைப்பு தரும் ஃபெல்லோஷிப் சில வாரங்கள்தான், பெரும்பாலும் பார்த்துக் கற்பது. முழுப் பயிற்சிக்கு அது ஈடாகாது. இந்தியாவில் தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்.என்.பி. இரண்டு வருடம், நுழைவுத் தேர்வு உண்டு. தனியார் மருத்துவமனைகள் தாமே தரும் ஆறு மாத, ஒரு வருடச் சான்றிதழ் பதிவு செய்யக்கூடிய பட்டமாகாது. கல்லூரி வேலைக்கு என்று கணக்குப் போட்டுச் சேராதீர்கள், கைத்திறனுக்காகச் சேருங்கள்.

எங்கே சேர்வதானாலும் போன வருடம் முடித்துப் போன ஃபெல்லோவுக்கு போன் போடுங்கள். லாக்புக்கில் தானே செய்தவை எத்தனை, அசிஸ்ட் செய்தவை எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். இப்போது அங்கே இருப்பவர் மனம் திறந்து சொல்ல மாட்டார், பாவம், அவருக்குச் சான்றிதழ் வர வேண்டும்.

திரும்பி வேலை பார்க்கப் போகும் ஊரையும் நினைத்துப் பாருங்கள். எக்ஸ்ரே ஊடுருவும் டேபிள், பெல்விக் கிளாம்ப் செட், ரத்த வங்கி இல்லாத ஊர் என்றால் அசிடபுலத்தைவிட, வெளி வளையங்களும் கம்பிகளும் வைத்து எலும்பை நகர்த்தும் இலிசரோவும் ஒட்டாத எலும்பும் அதிகம் செய்யும் மையமே உங்களுக்குப் பொருந்தும். எலும்பை வெட்டி ஒரு வாரம் போல விட்டு, பிறகு நாளுக்கு 1 மி.மீ., கால் கால் மி.மீ.யாக நான்கு முறை நகர்த்துவதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். கம்பித் துளையில் வரும் சீழையும், நகர்ந்து வந்த துண்டு எதிர்முனையில் ஒட்டாமல் நிற்பதையும் ஒரே நோயாளியிடம் மாதக்கணக்கில் பார்த்துச் சமாளிக்க வேண்டும். அதனால் இந்தப் பயிற்சிக்கு ஆறு மாதம் பற்றாது, ஒரு வருடமாவது கேட்டு வாங்குங்கள்.