பிரெக்சிட் விஷயத்தில், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறிய விஷயத்தில், பிரிட்டனின் லேபர் கட்சி ஏன் அவ்வளவு தடுமாறியது? ஜெரமி கோர்பினின் தலைமை மட்டும்தான் காரணமா?

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோர்பின் மட்டும் காரணமல்லர். ஆனால் அந்தத் தடுமாற்றத்தை முடித்துவைக்கும் செல்வாக்கு அன்றைக்கு அவர் ஒருவரிடம்தான் இருந்தது. அதை அவர் இந்த ஒரு விஷயத்தில் செலவிடத் துணியவில்லை என்பது என் கருத்து.

நான் கட்சி உறுப்பினன் அல்லன். வேலைக்காக கவெண்ட்ரி நகருக்கு வந்து தங்கிவிட்டவன். ஒன்றியத்தில் நீடிப்பதா வெளியேறுவதா என்று 2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே நான் வாக்களித்தேன். இங்கு வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அந்த உரிமை இருந்தது. யாருடைய எதிர்காலம் அன்று தீர்மானிக்கப்பட்டதோ அந்தப் போலந்துக்காரருக்கு, அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருந்தவருக்கு, அந்த உரிமை இல்லை. கவெண்ட்ரியின் மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளும் அப்போது லேபர் வசம் இருந்தன. ஆனாலும் நகரம் 55.6 சதவீதம் வெளியேறுவதற்கே வாக்களித்தது. நாடு முழுவதற்குமான கணக்கு 51.9க்கு 48.1. லேபருக்கு வாக்களிக்கும் ஊர் ஒன்று நீடிக்க வேண்டும் என்ற லேபரின் அதிகாரபூர்வ நிலைப்பாட்டுக்கு எதிராக வாக்களித்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்தச் சண்டை 2016இல் முளைத்ததன்று. 1971 அக்டோபர் 28 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்வதா என்ற வாக்கெடுப்பு நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, எதிர்க்கட்சியாக இருந்த லேபரின் கொறடா உத்தரவை மீறி ராய் ஜென்கின்ஸுடன் 69 உறுப்பினர்கள் எட்வர்ட் ஹீத்தின் கன்சர்வேடிவ் அரசுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். தீர்மானம் 112 வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. மறு ஆண்டு, பொதுவாக்கெடுப்பு என்ற யோசனையை எதிர்க்கட்சித் தலைவர்களின் குழுவான நிழல் அமைச்சரவை ஏற்றுக்கொண்டதும் ஜென்கின்ஸ் துணைத் தலைவர் பதவியையே துறந்தார். அந்த யோசனையை முதலில் வற்புறுத்தியவர் இடதுசாரியான டோனி பென். கட்சி முழுவதும் ஒருநாள் ஏறித் தப்பிக்க வேண்டியிருக்கும் ரப்பர் படகு என்று அதை வர்ணித்தவர் ஜேம்ஸ் காலகன். 1975இல் பிரதமர் ஹெரால்ட் வில்சன் அந்தப் படகில்தான் ஏறினார். அமைச்சர்கள் இரு பக்கமும் பிரசாரம் செய்யலாம் என்று கூட்டுப் பொறுப்பைத் தளர்த்தினார்; கட்சியின் சிறப்பு மாநாடு ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வெளியேறச் சொன்னபோதும், நாடு 67 சதவீத வாக்குகளுடன் நீடிக்கச் சொன்னது.

அந்த வாக்கெடுப்பில் வெளியேறுவதற்கு வாக்களித்தவர்களில் கோர்பினும் ஒருவர். 1981இல் துணைத் தலைவர் பதவிக்கு டோனி பென் போட்டியிட்டபோது அவருக்காக உழைத்தவர். ஐரோப்பாவிலிருந்து விலகுவோம் என்று தேர்தல் அறிக்கையிலேயே எழுதி, 27.6 சதவீத வாக்குகளுடன் கட்சி படுதோல்வி அடைந்த 1983ஆம் ஆண்டில்தான் அவர் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். பின்னர் 1988இல் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஜாக் டெலோர் பிரிட்டனின் தொழிற்சங்க மாநாட்டுக்கே வந்து தொழிலாளர் உரிமைகளைப் பற்றிப் பேசியதும், தாட்சர் அரசிடம் அடி வாங்கிக் களைத்திருந்த சங்கங்கள் ஐரோப்பாவின் பக்கம் சாய்ந்தன, கட்சியும் சாய்ந்தது. கோர்பினும் பென்னும் சாயவில்லை.

ஆகவே 2015 செப்டம்பரில் 59.5 சதவீத வாக்குகளுடன் அவர் தலைவரானபோது, ஐரோப்பாவை உள்ளூர நம்பாத தலைவர் ஒருவரை, ஐரோப்பாவை மனமார விரும்பும் தொண்டர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இந்த முரணை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிக்கன நடவடிக்கைகளும் ஈராக் போரின் வடுவும்தான் அவர்கள் கண்முன் நின்றன. பொதுவாக்கெடுப்புப் பிரசாரத்தின்போது தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில், ஐரோப்பிய ஒன்றியத்தின்மீது உங்களுக்குள்ள ஈடுபாட்டுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டார்கள். ஏழு, ஏழரை இருக்கும் என்றார். அந்தப் பிரசாரம் முழுவதிலும் எந்தத் தலைவரும் சொன்ன பதில்களில் அதுதான் நேர்மையானது என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் நீடிக்க வேண்டும் என்று வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்த அவருடைய கட்சிக்காரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

முடிவு வந்த அன்று காலையிலேயே, வெளியேறும் நடைமுறையைத் தொடங்கிவைக்கும், ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆம் பிரிவை இப்போதே கையிலெடுக்க வேண்டும் என்று அவர் சொன்னது உட்கட்சிப் போருக்குத் திரியாக அமைந்தது. தனக்கு எதிராக ராஜினாமாக்களைத் திரட்டுகிறார் என்று கூறி, நிழல் வெளியுறவு அமைச்சர் ஹிலாரி பென்னை ஜூன் 26 அதிகாலையில் பதவியிலிருந்து நீக்கினார். (ஹிலாரி, டோனி பென்னின் மகன். தந்தையின் சீடர் மகனை நீக்கினார். அதுவும் தந்தை எதிர்த்த ஐரோப்பாவை மகன் ஆதரித்த காலத்தில்.) அடுத்த இரண்டு நாள்களில் நிழல் அமைச்சர்கள் வரிசையாக விலகினார்கள். ஜூன் 28 அன்று லேபர் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 172க்கு 40 என்ற கணக்கில் அவர்மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள். எந்த நாட்டுக் கட்சியிலும் ஒரு தலைவர் அதற்குப் பிறகு நீடிப்பது அபூர்வம். அந்த வாக்கெடுப்பு தன்னைக் கட்டுப்படுத்தாது என்றார் கோர்பின். கட்சி விதிகளின்படி அது சரிதான். ஏஞ்சலா ஈகிள் களமிறங்கி விலக, ஓவன் ஸ்மித் மட்டும் எதிர்த்து நின்றார். செப்டம்பர் 24 அன்று தொண்டர்களும் ஆதரவாளர்களும் சேர்ந்து 61.8 சதவீத வாக்குகளுடன் கோர்பினையே மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள்.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இந்த மூன்று மாதங்களில் இருக்கிறது என்பேன். அன்றைய லேபருக்குள் மூன்று கட்சிகள் இருந்தன: தலைவரை வேண்டாம் என்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள், தலைவரைக் கொண்டாடிய தொண்டர்கள், இவர்கள் இருவரையும் பற்றி அதிகம் கவலைப்படாத வாக்காளர்கள். ஐரோப்பா என்ற கேள்வி இந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டியது. உறுப்பினர்களும் தொண்டர்களும் பெருவாரியாக நீடிப்பதை விரும்பினார்கள். லேபர் வாக்காளர்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அப்படியே வாக்களித்தார்கள். ஆனால் அவர்கள் பெருநகரங்களிலும் பல்கலைக்கழக ஊர்களிலும் குவிந்திருந்ததால், லேபர் வென்ற தொகுதிகளில் பெரும்பான்மையானவை வெளியேறும் பக்கம் இருந்தன என்றே ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இப்படிப்பட்ட சிக்கலைக் கட்சி உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் 2016 கோடைக்குப் பிறகு, ஐரோப்பாவைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், இவர் கோர்பினைக் கவிழ்க்கப் பார்க்கிறாரா காக்கப் பார்க்கிறாரா என்றே அது அளக்கப்பட்டது. இரண்டாம் வாக்கெடுப்பு கேட்டவர் சதிகாரர் ஆனார். வெளியேறுவதை ஒப்புக்கொள்வோம் என்றவர் தலைவரின் கைத்தடி ஆனார்.

2017 பிப்ரவரியில் 50ஆம் பிரிவு மசோதாவை ஆதரிக்கும்படி கோர்பின் கொறடா உத்தரவு பிறப்பித்தார். இறுதி வாக்கெடுப்பில் 52 லேபர் உறுப்பினர்கள் அதை மீறினார்கள். அவருக்கு நெருக்கமான கிளைவ் லூயிஸ்கூட நிழல் அமைச்சரவையிலிருந்து விலகினார். ஜூன் மாதத்துத் தேர்தலில் வெளியேறும் முடிவை ஏற்கிறோம் என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டு, கல்விக் கட்டணம், மருத்துவமனை, ரயில்வே என்று பேச்சைத் திருப்பினார்கள். அது பலித்தது. 40 சதவீத வாக்குகள், 262 இடங்கள். கன்சர்வேடிவ் பிரதமர் தெரசா மே பெரும்பான்மையை இழந்தார். மதில்மேல் பூனையாக இருப்பதே சாமர்த்தியம் என்ற எண்ணம் அன்று இரவு தலைமையின் மனத்தில் பதிந்துவிட்டது. உண்மையில், பேச்சுவார்த்தையே தொடங்காத நேரத்தில் அந்தத் தேர்தல் நடந்ததால்தான் பூனை விழாமல் தப்பியது.

2018 பிப்ரவரியில் எங்கள் கவெண்ட்ரிக்கு வந்துதான் அவர் தம் மாற்றுத் திட்டத்தை அறிவித்தார்: ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவோம், ஆனால் ஒரு நிரந்தரச் சுங்க ஒன்றியத்தில் இருப்போம். கார்த் தொழிலை நம்பி வாழும் ஊரில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. உதிரிபாகங்கள் எல்லையைக் கடக்கும்போது வரியும் தாமதமும் இருக்கக் கூடாது. இரு தரப்பும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்கக்கூடிய சமரசமாக அது எனக்குப் பட்டது. தொண்டர்களிடம் அவருக்கு இருந்த மதிப்பைப் பார்க்கையில், ஊர் ஊராகப் போய், உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும், ஆனால் இதுதான் நம் வழி என்று அவர் சொல்லியிருந்தால் பெரும்பாலோர் கேட்டிருப்பார்கள். வேறு எந்தத் தலைவர் சொன்னாலும் துரோகம் என்றிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. திட்டம் அந்த உரையோடு நின்றது.

அந்த வெற்றிடத்தில்தான் மற்றவர்கள் புகுந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் லிவர்பூல் மாநாட்டில், நீடிப்பது என்ற தெரிவை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை என்று நிழல் பிரெக்சிட் அமைச்சர் கியர் ஸ்டார்மர் சொன்னதும் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. 2019 ஜனவரி 15 அன்று வெளியேறுவதற்குத் தெரசா மே ஐரோப்பாவோடு செய்த ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 432க்கு 202 என்று தோற்றது. மறுநாள் கோர்பின் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானமும் 19 வாக்குகளில் தோற்றது. பிப்ரவரியில் சூகா உமுன்னா, லூசியானா பெர்கர் உட்பட ஏழு உறுப்பினர்கள் கட்சியை விட்டு வெளியேறினார்கள். பிரெக்சிட்டோடு யூத வெறுப்புக் குற்றச்சாட்டைக் கட்சி கையாண்ட விதமும் அவர்கள் சொன்ன காரணங்களில் இருந்தது. ஒரு வாரத்துக்குள் இரண்டாம் வாக்கெடுப்பை ஆதரிப்போம் என்று தலைமை இறங்கிவந்தது. ஏப்ரல் 1 அன்று நாடாளுமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பில் சுங்க ஒன்றியத் தீர்மானம் 273க்கு 276 என்று, மூன்றே மூன்று வாக்குகளில் தோற்றது. லேபரை விட்டுப் பிரிந்த அந்தக் குழு அதை ஆதரிக்கவில்லை. முழு பிரெக்சிட் கதையிலும் என்னால் மறக்க முடியாத எண் அதுதான்.

மே மாத ஐரோப்பியத் தேர்தலில் லேபர் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. நீடிக்க விரும்பியவர்கள் லிபரல் டெமாக்ரட்டுகளிடமும் பசுமைக் கட்சியிடமும் போனார்கள். வெளியேற விரும்பியவர்கள் நைஜல் ஃபராஜின் பிரெக்சிட் கட்சியிடம் போனார்கள். துணைத் தலைவர் டாம் வாட்சனும் நிழல் வெளியுறவு அமைச்சர் எமிலி தார்ன்பரியும் வெளிப்படையாக நீடிக்கும் பக்கம் நிற்கச் சொன்னார்கள். வடக்கு இங்கிலாந்துத் தொகுதிகளைச் சேர்ந்த இயன் லேவரியும் ஜான் டிரிக்கெட்டும் அது தற்கொலை என்றார்கள். செப்டம்பரில் பிரைட்டன் மாநாடு தொடங்கும் நேரத்தில் வாட்சனின் பதவியையே ஒழிக்கும் முயற்சி ஒன்று நடந்து, எதிர்ப்பைக் கண்டு கைவிடப்பட்டது. பின்னர் அதே மாநாட்டில், கட்சி உடனே நீடிக்கும் பக்கம் நிற்க வேண்டும் என்ற தீர்மானம் கைதூக்கலில் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. எண்ணிப் பார்க்கச் சொன்னவர்களின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. வென்றது தலைமையின் நிலைப்பாடு: முதலில் தேர்தல், பிறகு புதிய ஒப்பந்தம், பிறகு அதன்மீது பொதுவாக்கெடுப்பு, அதில் எந்தப் பக்கம் என்பது அப்புறம். நவம்பரில், அந்த வாக்கெடுப்பில் தாம் நடுநிலை வகிக்கப்போவதாகக் கோர்பின் அறிவித்தார்.

வில்சன் செய்ததைத்தானே இவரும் செய்தார் என்று சிலர் கேட்பதுண்டு. வில்சன் அதிகம் பேசாமல் ஒதுங்கி நின்றது உண்மை. ஆனால் அவர் ஆட்சியில் இருந்தார். கையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவருடைய அரசு மக்களுக்குப் பரிந்துரைத்தது. வென்ற பிறகு டோனி பென்னைத் தொழில் துறையிலிருந்து எரிசக்தித் துறைக்கு மாற்றிய கையும் அவருடையதே. கோர்பினின் நடுநிலைக்குப் பின்னால் இவற்றில் எதுவும் இல்லை.

டிசம்பர் 12 அன்று நடந்த பொதுத்தேர்தலில் என்ன ஆனது என்பது தெரிந்ததே. லேபருக்கு 202 இடங்கள், 1935க்குப் பிறகு மிகக் குறைவு. டெனிஸ் ஸ்கின்னர் 49 ஆண்டுகள் கட்டிக்காத்த போல்சோவரும் டோனி பிளேரின் பழைய தொகுதியான செட்ஜ்ஃபீல்டும் கன்சர்வேடிவ்களிடம் போயின. கவெண்ட்ரியில் முந்தைய தேர்தலில் ஏழாயிரம் எட்டாயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்ற இரண்டு தொகுதிகளில் ஒன்று 401 வாக்குகளிலும் மற்றொன்று 208 வாக்குகளிலும் தப்பின. எல்லாமே பிரெக்சிட்டால் என்று நான் சொல்லமாட்டேன். கோர்பினைப் பிடிக்கவில்லை என்பதை ஐரோப்பாவின் பேச்சே எடுக்காமல் சொன்ன அண்டை வீட்டுக்காரர்கள் எனக்கு உண்டு.

நான் தொடக்கத்தில் சொன்ன கருத்துக்கு வலுச் சேர்த்தது அதற்கு அடுத்த ஆண்டு நடந்த நிகழ்வு. லிவர்பூலில் கைதட்டல் வாங்கிய ஸ்டார்மரை 2020 ஏப்ரலில் 56.2 சதவீதத் தொண்டர்களும் ஆதரவாளர்களும் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பர் 30 அன்று, கன்சர்வேடிவ் பிரதமர் போரிஸ் ஜான்சன் கொண்டுவந்த, சுங்க ஒன்றியம்கூட இல்லாத வணிக ஒப்பந்தத்துக்கு ஆதரவாக வாக்களிக்கும்படி அவர் கட்சிக்கு உத்தரவிட்டார். மூன்று பேர் முன்வரிசைப் பொறுப்பைத் துறந்தார்கள். சில டஜன் பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். 521க்கு 73 என்று மசோதா நிறைவேறியது, கட்சி உடையவில்லை.