அம்பாசடருக்கு ஹெட்டர் மாட்டலாமா? கேள்வி பதில்

1489 சிசி பெட்ரோல் அம்பாசடரில் எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் குழாய்களை வெல்டு வைத்துச் செய்த ஹெட்டர் மாட்டுவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். டீசல் வண்டிக் கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

நெல்லித்தோப்பு: அண்ணே, ஹெட்டர் மாட்டினதிலிருந்து ஆக்சிலேட்டரை விட்டா பட் பட்னு வெடிக்குது. கேஸ்கெட் மாத்தி மாத்திப் பார்த்தாச்சு, நிக்கல.

தம்பி, கேஸ்கெட்டைக் குறை சொல்லாதீர்கள். இந்த எஞ்சினில் இன்லெட் (பெட்ரோல் கலவை உள்ளே போகும் வழி), எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வழி) இரண்டும் ஒரே பக்கம், கசிவைத் தடுக்கும் ஒரே கேஸ்கெட்டின் மேல் உட்காருகின்றன. இரண்டுக்கும் நடுவே வரும் ஸ்டட்களில் (நட்டு ஏறும் மரைக் கம்பிகள்) ஒரு தடித்த வாஷர் இருக்கிறதே, அதன் ஒரு பாதி இன்லெட்டையும் மறு பாதி எக்ஸாஸ்டையும் அழுத்துகிறது. ஹெட்டரின் ஃபிளாஞ்ச் (எஞ்சினோடு பொருந்தும் தட்டையான விளிம்பு) இன்லெட் ஃபிளாஞ்சை விட மெலிதாக இருந்தால் வாஷர் சாய்ந்துவிடும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் பிடிப்பு முழுக்க இன்லெட்டுக்குத்தான் போகும். ஹெட்டர் பக்கம் காற்று இழுக்கும், வெடிக்கும்.

வெர்னியரால் இரண்டு ஃபிளாஞ்சையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் லேத்தில் படி வெட்டிய வாஷர் செய்து போடலாம். அடுத்து, ஃபிளாஞ்சின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் வில்லாக வளைந்திருக்கும். வளைந்திருந்தால் முகத்தைத் தேய்த்துச் சமமாக்காமல் மாட்டவே கூடாது. நட்டை நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகி முழுக்க ஆறியதும் மறுபடி ஒரு சுற்று. பித்தளை நட்டு போட்டால் பின்னால் கழற்றும்போது ஸ்டட் முறியாது.

கழற்றிய வார்ப்பு மேனிஃபோல்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

லாஸ்பேட்டை: நாலு சிலிண்டருக்கு நாலு குழாய் ஹெட்டர்தானே நல்லது?

உங்கள் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் துளை மூன்றுதான். 2, 3 சிலிண்டர்கள் நடுத்துளையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-3-4-2 என்பதால் அந்த இரண்டும் கிராங்க் ஒரு முழுச்சுற்று சுற்றும் இடைவெளியில் வெடிக்கின்றன. ஒன்றின் புகை மற்றதன் வழியில் நிற்காது. 1, 4 சிலிண்டர்களுக்கும் அதே இடைவெளிதான். அதனால் ஓரத்துக் குழாய்கள் இரண்டையும் முதலில் சேர்த்து, நடுக்குழாயை நீளமாக விட்டு, கீழே ஒன்றாக்குவது நல்ல அமைப்பு.

அரியாங்குப்பம்: பிளம்பிங் கடை ஜிஐ பைப்பில் செய்து தருகிறேன் என்கிறார் வெல்டர். செலவு பாதிதான் ஆகும்.

வேண்டாம். ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகையை மூச்சில் இழுத்தால் வெல்டருக்குக் காய்ச்சல் வரும். பூச்சில்லாத இரும்புக் குழாய் கேளுங்கள்.

வில்லியனூர்: பிக்கப் எவ்வளவு கூடும்?

ஒரே கார்புரேட்டர், பங்கு போட்ட துளைகள் என்றிருக்கும்போது கொஞ்சம்தான். மேல் வேகத்தில் மூச்சு விடுவது தெரியும்.

மஞ்சக்குப்பம்: சார், அம்பாசடரின் அழகே அதன் இயல்புதான். ஹெட்டர் மாட்டி ஏன் கெடுக்கிறீர்கள்?

லாஸ்பேட்டை: வண்டி ஓட்டுவதற்குத்தானே? பார்த்துக்கொண்டிருக்க வீட்டில் சாமி படம் இருக்கிறது.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். 50 வயதைத் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு தர 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், எண்ணில் விஏ எழுத்து வரும், பத்தாண்டு செல்லும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது என்பது அதன் நிபந்தனை. மஞ்சக்குப்பம் சாரின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஹெட்டர் என்பது போல்ட்டில் நிற்கும் பொருள். ஹெட்டைக் குடையாமல், சேசிஸில் வெல்டு வைக்காமல் மாட்டினால் ஒரே நாளில் பழையபடி ஆக்கிவிடலாம். அந்த வழியை அடைத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் வார்ப்பு மேனிஃபோல்டை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம்: அப்போ சத்தம்?

சைலன்சரை எடுக்கச் சொல்லவே இல்லை. ஹெட்டர் வேறு, சைலன்சர் வேறு. வெறும் குழாயோடு கடற்கரைச் சாலையில் விடுபவர்களால்தான் பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

கடலூர் முதுநகர்: ஹெட்டர் மேல் வெப்பத் துணி சுற்றலாமா? கார்புரேட்டர் கொதிக்கிறது.

நம் ஊர் உப்புக் காற்றில் அந்தத் துணி ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரும்புக் குழாய் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து உதிரும். கார்புரேட்டருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தகட்டுத் தடுப்பு வையுங்கள், பெட்ரோல் குழாயைத் தள்ளிக் கட்டுங்கள். வசதி இருந்தால் செராமிக் பூச்சு.

பாகூர்: பிக்கப் எவ்வளவு கூடும் அண்ணே?

வில்லியனூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: என்னுடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதே முறையா?

இல்லை. அது டிரையம்ஃப் வழி வந்த எஞ்சின். ஹெரால்டில் கை வைத்துப் பழகியவரிடம் கேளுங்கள்.

முதலியார்பேட்டை: மாட்டி ஒரு வாரம் ஆச்சு. ஓட்டும்போது தலைவலி வருது. பிக்கப்பும் ரொம்பக் கூடல.

பிக்கப்பை விடுங்கள், இன்றே வண்டியை நிறுத்துங்கள். ஹெட்டர் இணைப்பில் புகை கசிந்து, தரையில் துருப்பிடித்த ஓட்டை வழியாக உள்ளே வருகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். குளிர்ந்த எஞ்சினைத் திறந்தவெளியில் ஸ்டார்ட் செய்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, ஜாக்கியோடு ஸ்டாண்டும் வைத்த பிறகு போங்கள். தரை ஓட்டையைத் தகடு வைத்து அடைக்கும் வரை குழந்தைகளை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள்.