சேலத்தில் பழைய பி450 போர்டுக்கு எந்த நடுத்தர கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

நீங்கள் கேட்டது இதுதான்: ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், 500 வாட் பவர் சப்ளை, 1080பி மானிட்டர், இப்போது இருக்கும் கார்டு ஜிடிஎக்ஸ் 1650. ராத்திரியில் கேம், முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோ எடிட்டிங். வீடு அம்மாபேட்டையில். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 எடுக்கலாமா, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி எடுக்கலாமா, விலை குறைவாக இருக்கும் இன்டெல் ஆர்க் பி580 போதுமா?

ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி எடுங்கள், ஆனால் 16 ஜிபி மெமரி உள்ள மாடல். எடிட்டிங்தான் சோறு போடுகிறது என்றால் மட்டும் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, அதிலும் 16 ஜிபி. உங்கள் போர்டுக்கு 8 ஜிபி கார்டு எதையும் நான் சொல்ல மாட்டேன். சேலத்தில் ஸ்டுடியோக்காரர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வருகிறது, அதனால் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

யூடியூப் ஒப்பீடுகளைப் பார்த்தால் 5060-க்கும் 9060 எக்ஸ்டி-க்கும் சராசரி எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்ற எண்) பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தச் சோதனைகள் பெரும்பாலும் புத்தம் புதிய போர்டில், வேகமான பிராசஸரோடு எடுத்தவை. கார்டும் போர்டும் டேட்டா பரிமாறும் ஸ்லாட்டுக்குப் பெயர் பிசிஐஇ, உங்கள் பி450-ல் இருப்பது அதன் 3.0 பதிப்பு. 5060, 5060 டிஐ இரண்டும் 8 லேன் (டேட்டா ஓடும் பாதை) கார்டுகள். பிசிஐஇ 5.0 போர்டில் அது ஒரு குறையே இல்லை. உங்கள் போர்டில் அந்த 8 லேனில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி டேட்டாதான் போய் வர முடியும். 9060 எக்ஸ்டி 16 லேன் கார்டு, அதே ஸ்லாட்டில் அதற்கு இரண்டு மடங்கு கிடைக்கும்.

ஒரு கேமின் டேட்டா கார்டின் மெமரிக்குள் அடங்கும் வரை இது பெரிதாகத் தெரியாது. 5060-ன் சொந்த மெமரியின் வேகம் நொடிக்கு 448 ஜிபி. கேமுக்கு 9 ஜிபி தேவைப்பட்டு கார்டில் 8 மட்டும் இருந்தால், மிச்சம் சிஸ்டம் ராமுக்குப் போய் அந்த 8 ஜிபி வேக வழியாகத்தான் வந்தாக வேண்டும். 448 எங்கே, 8 எங்கே!

இதை உங்கள் 1650-லேயே இன்று ராத்திரி பார்த்துவிடலாம். அதில் இருப்பது 4 ஜிபி. ஒரு பெரிய கேமைத் திறந்து டெக்ஸ்சரை (சுவர், முகம் போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) மட்டும் அல்ட்ராவில் வையுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு-வைத் திறந்தால் டெடிகேட்டட் மெமரி, ஷேர்டு மெமரி என்று இரண்டு கோடுகள் ஓடும். முதல் கோடு உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும், இரண்டாவது மேலே ஏற ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் கேமில் சட்டென்று திரும்பிப் பாருங்கள், திரை ஒரு கணம் நின்று போகும். சில கேம்களில் சுவர், முகம் எல்லாம் களிமண் பூசியது போல மங்கலாக வந்து, அப்புறம்தான் தெளியும். சராசரி எண் ஒன்றும் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் ரிவியூக்களில் 1 சதவீத லோ (கேம் மிக மெதுவாக ஓடிய 1 சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்) என்ற எண்ணைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பி580 நல்ல கார்டுதான். 2024 டிசம்பரில் வந்தது, 12 ஜிபி மெமரி, 192 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் வழியின் அகலம்), அமெரிக்காவில் அறிமுக விலை 249 டாலர். அந்த விலைக்கு அவ்வளவு மெமரி வேறு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் அதன் டிரைவர் பிராசஸரிடம் நிறைய வேலை வாங்குகிறது. 3600 மாதிரி 2019-ல் வந்த பிராசஸரோடு சேர்த்தால் பல கேம்களில் பாதி வழியிலேயே மூச்சு வாங்குகிறது. ரிசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் பிராசஸர் ஒரே சமயத்தில் அணுக விடும் வசதி) ஆன் ஆகாத போர்டில் அதைப் போடவே கூடாது. புது சிஸ்டமாக இருந்தால் தயங்காமல் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

எடிட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். கேமரா எந்த ஃபார்மட்டில் பதிவு செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, பலர் இதைக் கேட்காமலேயே கார்டு வாங்கிவிடுகிறார்கள். இப்போது கல்யாணங்களுக்கு வரும் மிரர்லெஸ் கேமராக்களில் நிறைய பேர் 10 பிட் 4:2:2-ல் (நிறத் தகவலை அதிகமாகச் சேமிக்கும் ஃபார்மட்) எடுக்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை என்விடியா கார்டுகளால் அதை ஹார்டுவேரில் டிகோட் செய்ய (சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்ட) முடியாது, முழுச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். 5060 டிஐ இருக்கும் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. தாலி கட்டும் காட்சியை நாலு கேமரா கோணத்தில் டைம்லைனில் அடுக்கி பிளே அழுத்தினால் 3600 திக்கித் திணறுவதற்குக் காரணம் இதுதான். பிளெண்டர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்று போனாலும் என்விடியாவின் க்யூடா (ரெண்டர் போன்ற வேலைக்கு மென்பொருள்கள் கார்டைப் பயன்படுத்த உதவும் தளம்) பக்கமே மென்பொருள் ஆதரவு அதிகம். அதனால்தான் தொழிலுக்கு என்றால் 5060 டிஐ என்றேன். அதுவும் 8 லேன்தான், ஆனால் 16 ஜிபி இருப்பதால் வழிந்து வெளியே போகும் நிலை எளிதில் வராது. உங்கள் கேமரா 8 பிட் 4:2:0-ல் எடுக்கிறது என்றால் அந்தக் கூடுதல் பணம் வேண்டாம், 9060 எக்ஸ்டி தாராளமாகப் போதும்.

விலை: அமெரிக்க அறிமுக விலையில் 9060 எக்ஸ்டி 8 ஜிபி 299 டாலர், 16 ஜிபி 349. 5060 டிஐ 379, 429. 5060 ஒரே மாடல், 299. இங்கே 18 சதவீத ஜிஎஸ்டியும் கடைக்காரர் லாபமும் சேரும். 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை ஏறிவிட்டதால் 8-க்கும் 16-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கடைக்குக் கடை மாறுகிறது. இங்கே இரண்டு கடை, சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை, ஆன்லைன் என்று ஒரே நாளில் விசாரியுங்கள். ரிச்சி தெருவில் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும், வாரண்டிக்கு யார் அனுப்புவார்கள், கூரியர் செலவு யாருடையது என்று கேட்டு பில்லில் சீரியல் நம்பரோடு வாங்குங்கள்.

கையில் பணம் அவ்வளவு இல்லை என்றால் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி தேடலாம். 2021-ல் வந்தது, 16 லேன், 170 வாட். கண் முன்னால் அரை மணி நேரமாவது முழு லோடில் ஓட விட்டு, ஃபேன் சத்தத்தையும் ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) வெப்பத்தையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அம்மாபேட்டை என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் தறி ஓடும் வீடுகளிலிருந்து வரும் சிஸ்டங்களைத் திறந்தால், ஃபேனுக்குப் பின்னால் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும். விரலால் இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். சித்திரை வெயிலில் அப்படி ஒரு கார்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், நீங்கள் கார்டு மோசம் என்று நினைப்பீர்கள். கேபினெட்டின் முன்பக்கம் கழற்றிக் கழுவும் ஃபில்டர் போடுங்கள், மாதம் ஒருமுறை கழுவுங்கள். ஏற்காட்டில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், அவருக்கு மே மாதத்திலும் வெப்பத் தொல்லை கிடையாது, அங்கே பயப்பட வேண்டியது மழைக்கால ஈரத்துக்குத்தான்.

உங்கள் 500 வாட் பவர் சப்ளை நல்ல பிராண்டாக இருந்தால் 9060 எக்ஸ்டி-க்குப் போதும், கார்டு 160 வாட் எடுக்கும், ஏஎம்டி கேட்பதே 450 வாட் சப்ளை. 5060 டிஐ 180 வாட், அதற்கு என்விடியா 600 வாட் சப்ளை சொல்கிறது, அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்த சப்ளை என்றால் இரண்டுக்கும் வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலை தருவது) தானா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள சப்ளை கரண்ட் போன நொடியே அணைந்துவிடலாம், ரெண்டர் பாதியில் போய்விடும்.

கார்டு வாங்கும் முன் போர்டுக்கு பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து ரிசைசபிள் பாரை ஆன் செய்யுங்கள். அதே அப்டேட்டோடு பி450-ல் ரைசன் 5 5600 அல்லது ரைசன் 7 5700எக்ஸ் என்ற வேகமான பிராசஸர் அப்படியே உட்காரும், போர்டும் ராமும் மாற்ற வேண்டாம். கார்டு வாங்கி சில மாதம் கழித்துக்கூட அதைச் செய்துகொள்ளலாம். கேமரா மாடலையும் எந்த செட்டிங்கில் எடுக்கிறீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள், 9060 எக்ஸ்டி-யா 5060 டிஐ-யா என்பதை அதை வைத்தே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்.