எரியுதா, குடையுதா, குத்துதா

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்கா,

நான் பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, இப்ப கொழும்புல துணிக்கடையில வேலை. அம்மாவுக்கு 58 வயசு, கொழுந்து பறிச்சவங்க. கர்ப்பப்பை வாய்ல கேன்சர், போன வருஷம் கரண்ட் (கதிர் வைத்தியம்) புடிச்சாங்க. இப்ப இடுப்பெலும்புக்குப் பரவிடுச்சு, இனி குணமாக்க ஏலாது, வலி இல்லாம பாத்துக்கொள்ளுங்கன்னு துண்டு வெட்டி அனுப்பிட்டாங்க. அண்ணன் மஹரகமையில ஹொஸ்பிஸ் (கடைசிக் காலத்துல வலி பாக்குற இடம்) இருக்கு, அங்க விடுவோம்ங்கிறார். மாமா கண்டி பக்கம் மாசம் காசு கட்டி பாக்குற ஒரு இடத்த சொல்றார். அம்மா தோட்டத்து லயத்து வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்கன்னு மட்டும்தான் சொல்றாங்க. எங்க விட்டாலும் பெத்தவள கொண்டுபோய் தள்ளிட்டாங்கன்னு சனம் கதைக்கும். எது நல்ல இடம்னு எப்படிக்கா தெரிஞ்சுக்கிறது? வியாழக்கிழமை கிளினிக் இருக்கு, அதுக்குள்ள முடிவு எடுக்கணும்.

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

மொதல்ல சனத்தப் பத்தி எழுதின அந்த வரி. சனம் கதைக்கும், கதைக்கட்டும். வலிக்கு ஆள் பாக்குற இடத்துல அம்மாவ வைக்கிறது தள்ளுறது இல்ல, வலியோட ஒரு மூலையில படுக்கப்போட்டு மூணு வேளையும் கஞ்சி ஊத்திட்டு நாங்க வீட்டுலயே வச்சிப் பாத்தோம்னு சொல்லிக்கிறதுதான் தப்பு, அந்தத் தப்ப நான் செஞ்சிருக்கேன் அதனாலதான் சொல்றேன்.

எங்கப்பா தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுனவர். முதுகெலும்புல கேன்சர் ஏறினப்ப அவர் வலிய எப்படி சொல்வார் தெரியுமா, "கவ்வாத்துக் கத்திய நெருப்புல காட்டி தொடையில இருந்து கெண்டக்கால் வரைக்கும் சீவுற மாதிரி இருக்கு புள்ள"ன்னு சொல்வார். நாங்க சேத்திருந்த இடத்துல ராத்திரி நர்ஸ் மிஸ்ஸிக்கு தமிழ் தெரியாது. நல்ல பொம்பளதான், கோபமே படமாட்டாங்க, வந்து கட்டில் பக்கத்துல குனிஞ்சு "ரிதெனவாத?"ன்னு, வலிக்குதான்னு சிங்களத்துல கேப்பாங்க, அப்பா தலையாட்டுவார், அவ்வளவுதான். நெருப்பு, கத்தி, தொடையில இருந்து கெண்டக்கால் எல்லாம் போயி "வலிக்குது"ங்கிற ஒரே சொல்லா ஆயிடுச்சு. அந்த ஒரு சொல்லுக்கு என்ன மருந்து கொடுக்க ஏலுமோ அதக் கொடுத்தாங்க. பத்து நாளுக்கு அப்புறம் தமிழ் தெரிஞ்ச ஒரு டொக்டர் வந்து கட்டில்ல ஒக்காந்து முழுசா கேட்டுட்டு, இது நரம்பு வலி, மோர்பின்ங்கிற வலி மருந்து மட்டும் போதாதுன்னு, நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலினும் எழுதினார். அதுக்கு அப்புறம் அப்பா கால நீட்டிப் படுத்தாரு. அந்தப் பத்து நாள் எனக்கு இன்னும் ஆறல.

அதனால நீங்க எந்த இடத்தப் பாக்கப் போனாலும் சுவரு தரை எல்லாம் அப்புறம், மொதல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கம்மா தமிழ்ல சொன்னா விளங்குற ஆள் யாரு இருப்பாங்கன்னு கேளுங்க. பகல்ல ஒருத்தர் இருக்காருன்னு சொல்வாங்க, அது போதாது, ராத்திரியத்தான் கேளுங்க. 1987ல 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழிதான், கேக்குறதுக்கு நமக்கு உரிமை இருக்கு, கூச்சப்படாதீங்க. ஆள் இல்லன்னா நீங்களோ அண்ணியோ பக்கத்துலயே படுத்துக்க விடுவாங்களான்னு கேளுங்க, அதுவும் ஏலாதுன்னா அந்த இடம் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் உங்க அம்மாவுக்கு சரிவராது.

நம்ம ஆளுங்க வலிக்கு எத்தன சொல்லு வச்சிருக்காங்க பாருங்க. எரியுது, மதமதங்குது, கரண்ட் அடிச்ச மாதிரி சுள்ளுங்குதுன்னா பெரும்பாலும் நரம்பு. உள்ளுக்குள்ள குடையுது, திரும்பிப் படுத்தா உசுரு போகுதுன்னா எலும்பா இருக்கும், அதுக்கு சில பேருக்கு ஒரே ஒரு தடவ கரண்ட் புடிச்சாலே வலி நல்லா குறையும், உங்கம்மாவுக்கு ஏற்கனவே புடிச்ச இடம்ங்கிறதால திரும்பப் புடிக்கலாமான்னு டொக்டர்ட்ட கேளுங்க. பிடிச்சிப் பிடிச்சி விடுதுன்னா குடல். இதெல்லாம் வேற வேற வைத்தியம். லண்டன்ல 1967ல சென்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸத் தொடங்கின சிசிலி சாண்டர்ஸ் அம்மா மொதல்ல நர்ஸா இருந்து அப்புறம் டொக்டரானவங்க, நோயாளிங்க வலியப் பத்தி சொல்றத டேப்ல பதிஞ்சு வச்சிக் கேட்டவங்க. ஒடம்பு வலி, மன வேதன, குடும்பக் கவல, சாமி மேல உள்ள மனத்தாங்கல் எல்லாம் சேந்ததுதான் ஒரு ஆளோட வலின்னு அவங்க சொன்னது இப்படிக் காது கொடுத்துக் கேட்டதாலதான்.

அடுத்தது மோர்பின். காசு கட்டுற இடத்துல இத நேராக் கேளுங்க: மோர்பின் யார் எழுதுறது, யார் கொண்டு வந்து தாறது, முடிஞ்சா என்ன செய்வீங்க? "பாத்துக்கொள்ளுவோம்"னு பதில் வந்தா எழும்பி வந்துருங்க. முதியோர் இல்லம் மாதிரி நடத்துற சில இடங்கள்ல வலி கூடினா த்ரீவீலர்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம், அந்த வளைவு ரோட்டுல இடுப்பெலும்பு நோவோட அம்மா படுற பாட்ட நெனச்சிப் பாருங்க. மோர்பின் குடிச்சா அடிமையாயிடுவாங்க, சீக்கிரம் செத்துருவாங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, டொக்டர் சொன்ன அளவுல கொடுத்தா அப்படி இல்ல. சாதாரணக் குளிசைன்னா நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா கடிகாரம் பாத்துக் கொடுக்கணும், வலி வந்த பொறகு கொடுக்கிறது இல்ல, 1986லயே உலக சுகாதார நிறுவனம் சொன்னது அது. மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதுக்கும் மருந்து சேத்து எழுதச் சொல்லுங்க, இத மறந்துட்டா வலிய விட அது பெரிய வேதனையாயிடும்.

போய்ப் பாக்குறப்ப அங்க படுத்திருக்கிற ஒருத்தரோட ஒதட்டப் பாருங்க. காஞ்சு வெடிச்சு நாக்கு வெள்ளையா இருந்தா வாய் தொடைக்க ஆள் இல்லன்னு அர்த்தம். குதிகால், இடுப்பு, புண்ணு இருக்கான்னு பாருங்க, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும். காசு எவ்வளவு, பம்பர்ஸ், மருந்து எல்லாம் அதுக்குள்ள வருதான்னு எழுத்துல வாங்குங்க.

மஹரகமையில இலங்கை புற்றுநோய்ச் சங்கம் நடத்துற சாந்த செவனதான் அண்ணன் சொல்ற இடம்னு நெனக்கிறேன். வலி வைத்தியம் தெரிஞ்ச இடத்துல அம்மா இருப்பாங்கங்கிறது பெரிய விஷயம். நீங்க கொழும்புலயே இருக்கிறதால தினமும் போக ஏலும், இது கண்டிய விட நல்லம். ஆனா ஒன்னு, காலமாயிட்டா பொகவந்தலாவ வரைக்கும் கொண்டு வாற வண்டிச் செலவ இப்பவே தோட்டத்து மரண உதவிச் சங்கத்துல கதைச்சு வைங்க. இதக் கேக்குறது பாவம்னு நெனச்சி எங்க வீட்டுல யாரும் கேக்கல, கடைசில ராத்திரி பதினொரு மணிக்கு வட்டிக்கு காசு வாங்கினோம்.

அம்மா லயத்துக்குப் போகணும்ங்கிறாங்களே, அதுக்கு என் மனசுல உள்ளதச் சொல்றேன். ஏலும், ஆனா மூணு விஷயம் இருந்தாத்தான். அண்ணி பெரட்டுக்கு, வேலைக்குப் போயிட்டா பகல்ல குளிசை கொடுக்க ஒரு ஆள் வேணும். கக்கூசுக்குப் படி எறங்கணும், பீலியில போய்க் குளிக்க ஏலாது, அதனால காம்பராவுக்குள்ளயே பெட்பேனும் தொடைக்கிற வேலையும் செய்ய மனசுள்ள ஆள் வேணும். கிளினிக்குல, உங்க பக்கத்துக்கு பொது சுகாதாரத் தாதி உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவாங்களான்னு கேட்டு நம்பர் வாங்கி வைங்க. அவசரத்துக்கு 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசு கட்டத் தேவையில்ல. இந்த ஏற்பாடு இருந்தா நான் லயத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவேன், அங்க யாரும் "ரிதெனவாத"ன்னு கேக்கமாட்டாங்க, பக்கத்து காம்பரா ஆச்சிக்கு மொகத்தப் பாத்தே தெரியும். இல்லன்னா மஹரகமை. மாமா சொல்ற இடம் மோர்பின் கேள்வியத் தாண்டினா மட்டும் பாருங்க.

இன்னைக்கு ராத்திரி அம்மா பக்கத்துல ஒக்காந்து எங்க வலிக்குது, எப்படி வலிக்குது, எப்ப வலிக்குதுன்னு கேட்டு கிளினிக் கொப்பியோட கடைசிப் பக்கத்துல அவங்க சொல்ற சொல்லயே எழுதுங்க. பக்கத்துலயே சிங்களத்துலயும் எழுதிக்கோங்க, கடையில கூட வேல செய்ற சிங்களப் பிள்ளைங்ககிட்ட கேட்டா சொல்வாங்க, எரியுதுன்னா தெவில்ல, மரத்துப்போகுதுன்னா ஹிரி வெட்டெனவா. வியாழக்கிழமை டொக்டர் மேசையில அந்தப் பக்கத்தத் தொறந்து வைங்க. அவர் என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க, ராத்திரி எத்தன மணின்னாலும் பரவாயில்ல.