முதல் செடியாக எதை வாங்கலாம்?

"வாடகை ஃபிளாட். காலையில் கிளம்பினால் இரவுதான் வீடு திரும்புகிறோம். செடி வளர்த்துப் பழக்கமே இல்லை. வீட்டுக்குள் என்ன வைக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், ஸ்நேக் பிளாண்ட். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம்மூரில் நார் உரிக்கும் மருளுக்கு நெருங்கிய உறவு. தடித்த இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மற்ற செடிகள் பகலில் திறக்கும் இலைத் துளைகளை இது இரவில்தான் திறக்கும், அதனால் ஈரம் அதிகம் வெளியேறாது. பதினைந்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும், விட்டுப்போன மாதிரியே நிற்கும்.

ஆனால் செடியின் பெயரைவிட முக்கியம் தண்ணீர் விஷயம். நான் முதலில் வாங்கியது ஜீஜீ பிளாண்ட். பளபளவென்று மெழுகு தடவியது போன்ற இலைகள். ஆசையில் தினமும் காலையில் காபி குடித்த கையோடு ஒரு டம்ளர் ஊற்றினேன். இரண்டாவது மாதம் இலைகள் மஞ்சளாயின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஒருநாள் தண்டைத் தொட்டதும் அப்படியே கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் கொழகொழவென்று, அழுகிய உருளைக்கிழங்கு வாடை. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் அந்தச் செடிக்கு மண்ணுக்குள் கிழங்கு இருப்பதே தெரிந்தது. கிழங்கில் தண்ணீரைச் சேமித்துக்கொண்டு வறட்சியைத் தாங்கும் கிழக்கு ஆப்பிரிக்கச் செடி அது. அதைத்தான் தினமும் சேற்றில் வைத்திருந்தேன். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். மண் எப்போதும் ஊறியே இருந்தால் வேர் அழுகிவிடும்.

இப்போது ஒரு ஈர்க்குச்சிதான் கணக்கு. தென்னந்துடைப்பத்திலிருந்து ஒன்றை உருவி, தொட்டியின் அடிவரை குத்தி, கொஞ்ச நேரம் கழித்து எடுக்கிறேன். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் கிடையாது. சுத்தமாக வந்தால், அடித் துளை வழியே வடியும்வரை நன்றாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுகிறேன். ஸ்நேக் பிளாண்ட்டுக்கு எங்கள் வீட்டில் இது கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் மூன்று வாரம்கூட ஆகும். ஊற்றிய தண்ணீர் வடிய வேண்டும், அதனால் துளை இல்லாத அழகுத் தொட்டியில் நேராக நடாதீர்கள்.

அடுத்தது வெளிச்சம். பகலில் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்க முடிகிற இடமென்றால் ஸ்நேக், ஜீஜீ, மணி பிளாண்ட் மூன்றுமே பிழைக்கும். அதைவிட இருட்டென்றால் தயவுசெய்து எதையும் வைக்காதீர்கள், செடி மாதக்கணக்கில் மெல்லச் சாகும். துளசி, சோற்றுக்கற்றாழை, கற்பூரவள்ளி எல்லாம் சுலபமான செடிகள்தான். ஆனால் அவற்றுக்கு நல்ல வெயில் வேண்டும், பால்கனிதான் சரி. ஹாலில் துளசி வைத்து அது வாடிப்போனால் குற்றம் உங்களுடையதல்ல, இடத்தினுடையது.

மணி பிளாண்ட்டைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். தெரிந்தவர் வீட்டுக் கொடியில் ஒரு துண்டு கேளுங்கள். தண்டில் முடிச்சு மாதிரி ஒரு கணு இருக்க வேண்டும், வேர் அங்கிருந்துதான் வரும். வெறும் இலையை வைத்தால் புதுக் கொடி வராது. கண்ணாடிப் பாட்டிலில் வைப்பதானால் வாரம் தவறாமல் பழைய தண்ணீரைக் கொட்டி, பாட்டிலைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் மாற்றுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒன்றரை வாரமே போதும். பாட்டிலைக் கழுவ நேரமில்லை என்றால் மண்ணிலேயே வையுங்கள்.

"காற்றைச் சுத்தம் செய்யும்" என்று சொல்லி யாராவது விலையைக் கூட்டினால் அதற்காகக் கொடுக்காதீர்கள். இந்தப் பேச்சுக்கு அடிப்படை 1989-இல் நாசா செய்த சோதனை, அது மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. 2019-இல் வந்த ஓர் ஆய்வு, வீட்டுக்குள் சாதாரணமாக வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய, சதுர மீட்டருக்குப் பத்துச் செடியாவது வேண்டும் என்று கணக்கிட்டது. பச்சையைப் பார்த்தால் மனசு குளிர்கிறது, எனக்கு அது போதும்.

தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் மட்டும் யோசியுங்கள். மணி பிளாண்ட், ஜீஜீ இரண்டையும் கடித்தால் வாயும் நாக்கும் எரியும், வீங்கும். ஸ்நேக் பிளாண்ட்டும் வயிற்றுக்கு ஆகாது. அந்த வீட்டுக்கு ஸ்பைடர் பிளாண்ட் நல்லது; கோடு போட்ட புல் மாதிரி இருக்கும், நச்சுச் செடி அல்ல.

அப்புறம், அந்த ஜீஜீ. அழுகாமல் ஒரே ஒரு கிழங்கு மிஞ்சியிருந்தது, நெல்லிக்காய் அளவுதான். இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணில் புதைத்து வைத்தேன். நாலு மாதம் ஒன்றுமே இல்லை. ஐந்தாவது மாதம் பென்சில் முனை மாதிரி ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. இப்போது ஏழு தண்டு நிற்கிறது, நேற்று எட்டாவது வந்திருக்கிறது.